குறைத்துக் கொடுத்தால் பாதுகாப்பா?
தீவிர சிகிச்சையில் குழந்தையும் மருந்தின் அளவும்

அட்ரினலின் ஆம்பூல் சுண்டுவிரலைவிடச் சிறிய கண்ணாடிக் குப்பி. அதற்குள் 1 மி.லி. மருந்து, அந்த 1 மி.லி.யில் 1 மி.கி. இதயம் நின்றுபோன பெரியவர் ஒருவருக்கு அந்தக் குப்பி முழுவதும் ஒரு வேளை. இதயம் நின்றுபோன 3 கிலோக் குழந்தைக்கோ, கிலோவுக்கு 0.01 மி.கி. என்ற கணக்கில் 0.03 மி.கி. போதும். குப்பியில் முப்பத்துமூன்றில் ஒரு பங்கு. 0.03 மி.லி.யைச் சாதாரண சிரிஞ்சில் துல்லியமாக இழுக்க முடியாது. ஊசிக்கும் சிரிஞ்சுக்கும் இடையிலுள்ள இடுக்கில் தங்கும் மருந்தே அதைவிட அதிகம். அதனால் நர்ஸ் அந்த 1 மி.லி.யுடன் 9 மி.லி. சலைன் சேர்த்து 10 மி.லி. ஆக்கி, அதிலிருந்து 0.3 மி.லி. எடுக்கிறார். ஒருவர் குழந்தையின் மார்பை அழுத்திக்கொண்டிருக்கிறார். இன்னொருவர் மூச்சூட்டும் ஆம்பு பையைப் பிடித்திருக்கிறார். கதவுக்கு வெளியே தாய் நிற்கிறாள். இந்த நெருக்கடியில் கலக்க மறந்தால் பத்து மடங்கு மருந்து போகும். ஏற்கெனவே ஒருவர் கலந்து வைத்ததை மறுபடி கலந்தால் பத்தில் ஒரு பங்குதான் போகும்.

பெரியவர்களின் வார்டில் இந்தக் காட்சி அநேகமாக இல்லை. மருந்துக் கம்பெனி பெரியவருக்கு ஏற்றபடி குப்பியை நிரப்பி அனுப்புகிறது. குழந்தைக்கான அளவைப் படுக்கையருகே, அந்த நிமிடத்தில், மனிதர்கள் கணக்குப் போட்டு உண்டாக்குகிறார்கள். கணக்கு இருக்கும் இடத்தில் அச்சமும் இருக்கும். அச்சம் வந்தால் கை குறைக்கிறது. "குழந்தைதானே, கொஞ்சமாகவே கொடுப்போம்" என்ற சொல் நம் வீடுகளிலும் மருத்துவமனைகளிலும் கருணையின் குரலாக ஒலிக்கிறது. உயிருக்குப் போராடும் குழந்தையிடம் அந்தக் கருணை செல்லாது. அளவு கூடினால் வரும் தீங்கு உடனே கண்ணில் படும், விசாரணை நடக்கும். அளவு குறைந்து இறந்த குழந்தையின் கேஸ் ஷீட்டில் 'செப்சிஸ்' (தொற்றால் உடல் நிலைகுலைதல்) என்றுதான் எழுதப்படும். மருந்து போதவில்லை என்று யாரும் எழுதுவதில்லை. பாதுகாப்பு, பலன் என்று இரண்டு தனித்தனிக் கேள்விகள் இங்கே இல்லை என்பதே என் முடிவு. பலன் தராத அளவு பாதுகாப்பான அளவு அல்ல.

சுருங்கிய பெரியவர் என்ற தவறு

குழந்தைக்கு எவ்வளவு என்று கேட்டால் நெடுங்காலம் ஒரு வாய்பாட்டைத்தான் பதிலாகச் சொன்னார்கள். ஒளி அலையாகப் பரவுகிறது என்று சோதனையால் காட்டிய தாமஸ் யங் ஒரு மருத்துவரும்கூட. அவர் பெயரில் வழங்கும் வாய்பாடு, குழந்தையின் வயதை, வயதோடு 12 கூட்டினால் வரும் எண்ணால் வகுக்கச் சொல்கிறது. 3 வயதுக் குழந்தைக்குப் பெரியவர் அளவில் ஐந்தில் ஒரு பங்கு. அன்று பிறந்த குழந்தைக்கு இந்த வாய்பாடு தரும் விடை பூஜ்யம். கிளார்க் வாய்பாடு வயதை விட்டுவிட்டு எடையை 150 பவுண்டால் வகுத்தது. இரண்டுக்கும் அடியில் கிடந்த எண்ணம் ஒன்றே. குழந்தை என்பது சுருங்கிய பெரியவர்.

அந்த எண்ணத்துக்குக் கொடுத்த விலை 1959-இல் வெளியான ஓர் ஆய்வில் பதிவாகியிருக்கிறது. பனிக்குடம் உடைந்து 24 மணி நேரம் கடந்து பிறந்த குறைமாதக் குழந்தைகளுக்குத் தொற்று வராமலிருக்க முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் கொடுப்பது அந்நாள் வழக்கம். லாஸ் ஏஞ்சல்ஸ் கவுன்டி மருத்துவமனையில் அத்தகைய குழந்தைகளை நான்கு பிரிவாக்கிப் பார்த்தார்கள். எந்த மருந்தும் பெறாத குழந்தைகளில் 19 சதவீதம் இறந்தன. பெனிசிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் பெற்ற பிரிவில் 18 சதவீதம். குளோராம்பெனிகால் மட்டும் பெற்ற பிரிவில் 60 சதவீதம். மூன்றையும் பெற்ற பிரிவில் 68 சதவீதம். குழந்தைகளுக்கு வயிறு உப்பியது, உடல் சாம்பல் பூத்தது, இரத்த ஓட்டம் சரிந்தது. 'சாம்பல் குழந்தை' என்ற பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது. குளோராம்பெனிகாலைக் குளுகுரானிக் அமிலத்தோடு பிணைத்து வெளியேற்றும் நொதி, பிறந்த முதல் வாரங்களில் கல்லீரலில் போதுமான அளவு இருப்பதில்லை. சிறுநீரகமும் முதிர்ந்திருப்பதில்லை. நாளொன்றுக்குக் கிலோவுக்கு 100 மி.கி.யும் அதற்கு மேலும் கொடுத்ததில், ஒவ்வொரு வேளையும் முந்தைய வேளையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதே மருந்தைக் கிலோவுக்கு 25 மி.கி. அளவில் கொடுத்தபோது பச்சிளங்குழந்தைகள் தாங்கின.

பச்சிளங்குழந்தையின் உடல் எவ்வளவு மெதுவாக மருந்தைக் கழிக்கும் என்பதற்குக் காபீனைவிட நல்ல சாட்சி இல்லை. குறைமாதக் குழந்தைகள் மூச்சுவிட மறப்பதைத் தடுக்க இன்றும் காபீன்தான் கொடுக்கிறார்கள். நாம் குடிக்கும் காப்பியின் காபீன் பாதியாகக் குறையச் சுமார் 5 மணி நேரம் ஆகும். அந்தக் குழந்தைகளின் உடலில் அதற்குச் சுமார் 100 மணி நேரம், அதாவது நான்கு நாள்.

குளோராம்பெனிகால் துயரத்திலிருந்து மருத்துவ உலகம் எடுத்துக்கொண்ட பாடம் 'குழந்தைக்குக் குறைவாகவே' என்பது. அது பாதிப் பாடம். பெரியவர் உடலில் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் நீர். நிறைமாதக் குழந்தை உடலில் 75 சதவீதம். அதனால் ஜென்டாமைசின் போல நீரில் கரைந்து பரவும் மருந்தைப் பச்சிளங்குழந்தைக்குக் கிலோவுக்கு 4 முதல் 5 மி.கி. வரை தாராளமாகவே கொடுக்க வேண்டும்; ஆனால் சிறுநீரகம் மெதுவாக வேலை செய்வதால் அடுத்த வேளைக்கு 24 முதல் 48 மணி நேரம் பொறுக்க வேண்டும். பெரிய வேளை, நீண்ட இடைவெளி. ஒரே குழந்தைக்கு ஒரே மருந்தில் ஒரு பக்கம் கூட்டவும் இன்னொரு பக்கம் குறைக்கவும் வேண்டியிருக்கிறது.

ஒரு வயதைத் தாண்டினால் கதை தலைகீழாகிறது. உயிரினங்களின் வளர்சிதை வேகம் எடையோடு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. எடையின் முக்கால் அடுக்கில் ஏறுகிறது என்று மாக்ஸ் கிளைபர் 1932-இல் காட்டினார். மருந்தைக் கழிக்கும் வேகமும் ஏறத்தாழ அப்படியே. 10 கிலோக் குழந்தையின் எடை 70 கிலோப் பெரியவரின் எடையில் 14 சதவீதம். ஆனால் அக்குழந்தை மருந்தைக் கழிக்கும் திறன் பெரியவருடையதில் சுமார் 23 சதவீதம். பெரியவரின் கிலோக் கணக்கை அப்படியே வைத்தால், பல மருந்துகளில் இரண்டு வயதுக் குழந்தைக்குத் தேவையானதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும்.

குளமும் மதகும்

இதுவரை சொன்னது நோயில்லாத உடலின் கதை. நோய் முற்றிய குழந்தையின் உடல் காலையில் ஒன்று, மாலையில் வேறொன்று. இதைப் புரிந்துகொள்ள நம் ஊர்க் குளத்தை நினைத்துக்கொள்ளலாம். மருந்தின் முதல் வேளை குளத்தை நிரப்புவதற்கு. எவ்வளவு வேண்டும் என்பது குளத்தின் கொள்ளளவைப் பொறுத்தது. அடுத்தடுத்த வேளைகள் மதகு வழியே வெளியேறியதை ஈடுகட்டுவதற்கு. எவ்வளவு வேண்டும் என்பது மதகு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. கொள்ளளவும் மதகும் வேறு வேறு.

செப்சிஸில் நுண்குழாய்கள் கசிகின்றன. இரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்த டிரிப்ஸ் ஏற்றுகிறோம். குழந்தை ஊதிப்போகிறது. குளம் பெருத்துவிட்டது. ஆனால் அதே நாளில் சிறுநீரகம் தளர்ந்து, இரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு ஏறியிருக்கலாம். மதகு அடைபட்டிருக்கிறது. அந்த எண்ணைப் பார்த்த மருத்துவர் ஆன்டிபயாட்டிக்கின் முதல் வேளையையே பாதியாக்கிவிடுகிறார். எனக்கு மிகவும் கவலை தரும் தவறு இதுதான். சிறுநீரகம் தளர்ந்ததற்காக அடுத்த வேளைகளைக் குறைக்கலாம், இடைவெளியைக் கூட்டலாம். முதல் வேளையைக் குறைக்கக் காரணமே இல்லை. பெருத்த குளத்துக்கு அரைக்குடம் ஊற்றிவிட்டு, கிருமி சாகும் என்று காத்திருக்கிறோம். செப்சிஸில் வீணாகும் முதல் மணி நேரங்களைப் பின்னால் எந்த மருந்தாலும் மீட்க முடியாது.

மதகு மறுபக்கமும் திறக்கும். சில குழந்தைகளுக்குச் செப்சிஸின் தொடக்கத்தில் இதயம் வேகமாக இரத்தத்தைத் தள்ள, சிறுநீரகம் வழக்கத்தைவிட அதிகமாக வடிகட்டுகிறது. கிரியாட்டினின் குறைவாக இருக்கிறது. குறைவாக இருப்பதால் யாரும் கவலைப்படுவதில்லை. ஆன்டிபயாட்டிக்குகளான வான்கோமைசினும் மெரோபெனமும் கொடுத்த வேகத்தில் சிறுநீரில் போய்விடுகின்றன. மெரோபெனமும் அதன் உறவான பெனிசிலின் வகை மருந்துகளும் கிருமியைக் கொல்ல உச்ச அளவைவிட நேரமே முக்கியம். தேவையான செறிவுக்கு மேல் எத்தனை மணி நேரம் நிற்கிறது என்பதே கணக்கு. அதனால்தான் மெரோபெனமை அரை மணியில் ஏற்றிவிடாமல் மூன்று, நான்கு மணி நேரம் நீட்டி ஏற்றும் முறை பரவியது. நம் வெப்பத்தில் இதற்கு ஒரு கவனம் வேண்டும். கலந்து வைத்த மெரோபெனம் வெப்பத்தில் விரைவாக வீரியம் இழக்கும். காலையில் கலந்து மாலைவரை பம்பில் விடக் கூடாது. வான்கோமைசினுக்கு 2020-இல் வெளியான அமெரிக்க வழிகாட்டுதல், அடுத்த வேளைக்குச் சற்று முன் எடுத்த ஒற்றை இரத்த அளவை நம்பியிருக்காமல், 24 மணி நேரத்தில் உடல் பெற்ற மொத்த மருந்தைக் கணக்கிடச் சொல்கிறது. 400-க்கும் 600-க்கும் இடையே என்பது இலக்கு. குறைந்தால் கிருமி பிழைக்கும். கூடினால் சிறுநீரகம் கெடும்.

கல்லீரலும் நோயின் பேச்சைக் கேட்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் குழந்தையை உறங்கவைக்கும் மிடசோலமை நெதர்லாந்து ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு 10-லிருந்து 300-க்கு ஏறும்போது மருந்தைக் கழிக்கும் வேகம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. கையிலிருக்கும் எடை மாறவில்லை, வயது மாறவில்லை, பம்பின் வேகம் மாறவில்லை. உள்ளே மருந்து ஏறிக்கொண்டே போகிறது. வலிப்புக்குக் கொடுக்கும் பெனிடாயினில் வேறொரு பொறி. அது இரத்தத்தில் ஆல்புமினைப் பிடித்துக்கொண்டு மிதக்கும். பிடிக்காமல் இருக்கும் பகுதிதான் மூளைக்குப் போகும். சத்துக் குறைந்த, ஆல்புமின் இறங்கிய குழந்தைக்கு ஆய்வகம் தரும் மொத்த அளவு குறைவாகத் தெரியும். மூளைக்குப் போகும் பகுதியோ போதுமானதாகவே இருக்கும். எண்ணை மட்டும் பார்த்துக் கூட்டினால் நஞ்சாகும். குழந்தையைப் பாராமல் ரிப்போர்ட்டைப் பார்ப்பதன் தண்டனை அது.

கருவிகளும் மருந்தை உண்ணும். நுரையீரலுக்கும் இதயத்துக்கும் மாற்றாக இயங்கும் எக்மோ கருவியின் குழாய்களும் சவ்வும் பென்டனில் போன்ற கொழுப்பில் கரையும் மருந்துகளை உறிஞ்சிக்கொள்கின்றன. குழந்தை வலியில் விழிக்கிறது. பிறந்தபோது மூச்சுத் திணறிய குழந்தையின் மூளையைக் காக்க உடலை 33.5 டிகிரிக்குக் குளிர்வித்து 72 மணி நேரம் வைக்கும்போது நேர்மாறு: குளிர்ந்த கல்லீரல் வலிநீக்கி மருந்தான மார்பினை மெதுவாகக் கழிக்கிறது, மருந்து தேங்குகிறது.

குறைவே ஆபத்து என்று சொல்லிவந்தவன் இங்கே நிற்க வேண்டும். நல்லெண்ணத்தோடு கூட்டிக் கொடுத்ததும் கொன்றிருக்கிறது. டிரிப்ஸை நாம் மருந்தாகவே எண்ணுவதில்லை. அது வெறும் உப்புநீர் என்று நினைக்கிறோம். உகாண்டா, கென்யா, தான்சானியா நாடுகளில் காய்ச்சலோடும் இரத்த ஓட்டக் குறைவோடும் வந்த 3,141 குழந்தைகளிடம் நடந்த 'பீஸ்ட்' ஆய்வு 2011-இல் வெளியானது. வேகமாகத் திரவம் ஏற்றப்பட்ட இரு பிரிவுகளில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் 10.6, 10.5 சதவீதம். அப்படி ஏற்றாத பிரிவில் 7.3 சதவீதம். வென்டிலேட்டர் இல்லாத மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு இது. எல்லா இடத்துக்கும் அப்படியே பொருந்தாது என்ற வாதம் நியாயமானதே. ஆனால் உப்புநீருக்கும் 'எவ்வளவு' என்ற கேள்வி உண்டு என்பதை அது மறுக்க முடியாதபடி நிறுவிவிட்டது.

எடையைப் பாராமலே கொடுக்க வேண்டிய மருந்தும் இருக்கிறது. பாம்புக்கடி. பாம்பு ஆளின் எடை பார்த்து நஞ்சைச் செலுத்துவதில்லை. சிறிய உடலில் அதே நஞ்சு இன்னும் கடுமையாகப் பரவும். அதனால் குழந்தைக்கும் பெரியவருக்கும் நஞ்சுமுறி மருந்தின் அளவு ஒன்றே. கலக்கும் திரவத்தை மட்டும் குழந்தைக்கு ஏற்பக் குறைக்கலாம். சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் நஞ்சிலிருந்து இந்தியாவின் நஞ்சுமுறி மருந்துகள் பல காலமாக உருவாகின்றன. அவ்வளவு பேருடைய உழைப்பில் வந்த வயலை (மருந்துக் குப்பியை) 'குழந்தைதானே' என்று பாதியோடு நிறுத்துவது அறியாமை. பூச்சிமருந்து நஞ்சில் அட்ரோபினும் இத்தகையதே. தொடக்க அளவுக்குத்தான் எடைக் கணக்கு. பிறகு நுரையீரலில் சளியொலி அடங்கும்வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாக்கிக்கொண்டே போக வேண்டும். அங்கே அளவைச் சொல்வது புத்தகம் அல்ல, குழந்தையின் மார்பு.

எத்தனை கிலோ?

மற்ற எல்லாக் கணக்கும் எடை என்ற ஓர் எண்ணின் மேல் நிற்கிறது. வலிப்போடு தூக்கிவரும் குழந்தையை யார் தராசில் வைப்பது? வயதை இரட்டித்து எட்டைக் கூட்டு என்று மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். ஆறு வயதுக்கு 20 கிலோ. ஒரே தெருவில் 14 கிலோ ஆறு வயதும் 32 கிலோ ஆறு வயதும் இருக்கும் நாட்டில் அது ஓர் ஊகம் மட்டுமே. அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் புரோஸ்லோ 1980-களில் வேறு வழி கண்டார். குழந்தையின் நீளத்தை அளக்கும் வண்ண நாடா. எந்த வண்ணத்தில் குதிகால் முடிகிறதோ அந்த வண்ணத்தில் எடையும் மருந்தளவும் அச்சிட்டிருக்கும். கணக்கே தேவையில்லை. அருமையான கருவி. ஆனால் அந்த நாடா அமெரிக்கக் குழந்தைகளை வைத்து உருவானது. இந்தியக் குழந்தைகளிடம் சோதித்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், சிறு குழந்தைகளிடம் ஓரளவு பொருந்திய நாடா, அவர்களைவிடப் பெரிய குழந்தைகளிடம் எடையை உண்மையைவிட அதிகமாகக் காட்டியது. நாடாவை வாங்கினால் மட்டும் போதாது. நம் குழந்தைகளுக்கு ஏற்பத் திருத்த வேண்டும்.

கைகள் மாறும் வழியில்

சரியான அளவை அறிவது ஒன்று. அது குழந்தையின் நரம்புக்குப் போய்ச் சேர்வது இன்னொன்று. அமெரிக்காவில் இரு மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவுகளில் எழுதப்பட்ட 10,778 மருந்து உத்தரவுகளை ஆராய்ந்து 2001-இல் வெளியிட்டார்கள். 616 பிழைகள். நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு. பிழை விகிதம் பெரியவர்களிடம் உள்ளதைப் போலவே இருந்தது. ஆனால் தீங்கு விளைவித்திருக்கக்கூடிய பிழைகள் மூன்று மடங்கு. அவற்றில் பெரும்பகுதி ஊசி போடும் கையில் நிகழவில்லை, எழுதும் பேனாவில் நிகழ்ந்தது. 1.0 என்று எழுதினால் புள்ளி மங்கி 10 ஆகிறது. .5 என்று எழுதினால் 5 ஆகிறது. யூனிட் என்பதற்குப் போடும் ஒற்றை ஆங்கில எழுத்து அவசரத்தில் பூஜ்யமாகத் தெரிகிறது. மைக்ரோகிராமைக் குறிக்கும் கிரேக்க எழுத்து மில்லிகிராமாகி ஆயிரம் மடங்காகிறது. கோலிஸ்டின் இன்னும் சிக்கல். நம் மருத்துவமனைகளில் கடைசிப் புகலிடமாக நிற்கும் இந்த ஆன்டிபயாட்டிக்கை வயலில் யூனிட் கணக்கிலும் சில புத்தகங்களில் மி.கி. கணக்கிலும் சொல்கிறார்கள், அந்த மி.கி.யும் இரு வகை. பத்து லட்சம் யூனிட் என்பது ஒரு கணக்கில் சுமார் 80 மி.கி., இன்னொரு கணக்கில் சுமார் 33 மி.கி. எந்த மி.கி. என்று கேட்காமல் இதைக் கலக்கக் கூடாது.

2006-இல் இண்டியானாபொலிஸ் நகரில் ஆறு பச்சிளங்குழந்தைகளுக்கு, இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மாறிப்போனது. மி.லி.க்கு 10 யூனிட் இருக்க வேண்டிய இடத்தில் 10,000 யூனிட். மூவர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே நடிகர் டென்னிஸ் குவெய்டின் இரட்டைக் குழந்தைகளுக்குக் கலிபோர்னியாவில் இதே ஆயிரம் மடங்குப் பிழை நேர்ந்தது, அவர்கள் பிழைத்தார்கள். இரு வயல்களின் லேபிள்களும் நீலம்தான், ஒன்று சற்று அடர்ந்தது. மருந்து கொடுத்த நர்ஸைக் குற்றம் சொல்வது எளிது. இரவில், மங்கிய ஒளியில், இரண்டு நீலங்களை வேறுபடுத்தும் பொறுப்பை ஒரு மனிதரின் கண்ணிடம் ஒப்படைத்த ஏற்பாட்டைத்தான் குற்றம் சொல்ல வேண்டும்.

அத்தகைய ஏற்பாடுகளை மாற்றினால் பலன் உடனே தெரிகிறது. டோபமின், அட்ரினலின் போன்றவற்றைச் சிரிஞ்ச் பம்பில் ஓட்டும்போது, எடையை 3-ஆல் பெருக்கி அத்தனை மி.கி.யை 50 மி.லி.யில் கலந்தால் மணிக்கு 1 மி.லி. என்பது நிமிடத்துக்குக் கிலோவுக்கு 1 மைக்ரோகிராம் என்று நம் ஊரில் கற்கிறோம். அழகான கணக்கு. அதன் குறை, ஒவ்வொரு குழந்தைக்கும் ஒவ்வொரு செறிவு என்பது. பத்துப் படுக்கைக்குப் பத்துக் கலவை. அமெரிக்காவில் இதன் இணையான 'ஆறின் விதி'யைக் கைவிட்டு, மருந்துக்கு ஓரிரு நிலையான செறிவுகள் என்று வரையறுத்து, எல்லை மீறினால் எச்சரிக்கும் பம்புகளைச் சேர்த்துக்கொண்ட ஒரு குழந்தைகள் மருத்துவமனையில், ஆயிரம் வேளைக்கு 3.1 ஆக இருந்த பதிவான பிழைகள் 0.8 ஆகக் குறைந்தன என்று 2005-இல் எழுதினார்கள்.

கணினி மட்டும் காப்பாற்றாது. அதே 2005-இல் பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து வந்த செய்தி அதிர்ச்சி தந்தது. மருந்து உத்தரவுகளைக் கணினியில் மட்டுமே பதிய வேண்டும் என்று ஆக்கிய பிறகு, பிற மருத்துவமனைகளிலிருந்து மாற்றப்பட்டு வந்த குழந்தைகளில் இறப்பு 2.80 சதவீதத்திலிருந்து 6.57 சதவீதமாக உயர்ந்திருந்தது. குழந்தை வந்து சேர்ந்து பெயர் பதியும்வரை மருந்து எழுத முடியாது. படுக்கையருகே இருந்த மருந்துகள் மத்திய மருந்தகத்துக்குப் போய்விட்டன. மருத்துவரின் கண் குழந்தையிடமிருந்து திரைக்குப் போனது. அதே மென்பொருளைச் சியாட்டிலில், பணிமுறைகளை முன்னதாகவே சீர்படுத்தி வைத்தபோது இறப்பு கூடவில்லை.

நான் அதிகம் நம்புவது ஒரு மனிதரை: வார்டிலேயே நிற்கும் மருந்தாளுநர். 2008-இல் வந்த ஓர் ஆய்வில், குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் முழுநேர மருந்தாளுநர் மருத்துவர்களோடு ரவுண்ட்ஸ் வந்தபோது கடுமையான மருந்துப் பிழைகள் ஆயிரம் நோயாளி-நாளுக்கு 29-லிருந்து 6-ஆகக் குறைந்தன. பகுதிநேரம் மட்டுமே மருந்தாளுநர் இருந்த பொது வார்டுகளில் மாற்றமில்லை. நம் நாட்டில் பார்ம்.டி. படிப்பு அதே 2008-இல் வந்தது. தமிழகக் கல்லூரிகளிலிருந்து ஆண்டுதோறும் அந்தப் பட்டத்தோடு இளைஞர்கள் வெளிவருகிறார்கள். ஆறு ஆண்டு மருந்தியல் படித்த அவர்களுக்குக் குழந்தைகளின் படுக்கையருகே இடம் கொடுக்க வேண்டும்.

தெரியாததைத் தெரிந்துகொள்வது

இவ்வளவுக்குப் பிறகும், தீவிர சிகிச்சையில் குழந்தைகளுக்குக் கொடுக்கும் மருந்துகளில் பலவற்றின் அளவு பெரியவர் ஆய்விலிருந்து ஊகித்ததே. ஹாரி ஷிர்கி என்ற அமெரிக்க மருத்துவர் 1960-களிலேயே குழந்தைகளைச் 'சிகிச்சை அநாதைகள்' என்றார். புரோபோபால் பெரியவர்களுக்கு நல்ல மயக்கமருந்து. மூச்சுத் தொற்றோடு வந்த ஐந்து குழந்தைகளுக்கு அதை நீண்ட நேரம் செலுத்தி, இரத்தத்தில் அமிலம் ஏறி, இதயம் தளர்ந்து ஐவரும் இறந்ததை 1992-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்டது. குழந்தைகளை ஆய்விலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி, ஒவ்வொரு குழந்தையையும் பதிவு செய்யப்படாத ஓர் ஆய்வாக ஆக்கியிருந்தார்கள்.

சட்டங்கள் பிறகே வந்தன. அமெரிக்கா 1997-இல் குழந்தைகளிடம் ஆய்வு செய்யும் கம்பெனிகளுக்கு ஆறு மாதம் கூடுதல் விற்பனை உரிமை தந்தது, 2003-இல் கட்டாயமாக்கியது. ஐரோப்பாவில் 2007-இல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்கான இன்றியமையா மருந்துப் பட்டியலை முதன்முதலில் வெளியிட்டதும் 2007-இல்தான். ஆனால் இந்தச் சலுகைகள் புதிய, காப்புரிமை உள்ள மருந்துகளையே ஈர்க்கும். தீவிர சிகிச்சையின் அன்றாட மருந்துகளான அட்ரினலின், மார்பின், ஜென்டாமைசின் எல்லாம் காப்புரிமை முடிந்த பழைய மருந்துகள். அவற்றின் பின்னால் லாபம் இல்லை. அரசுதான் பணம் போட வேண்டும்.

ஆய்வுக்குத் தடையாக இருந்தது இரத்தமும்தான். ஒரு கிலோக் குழந்தையின் உடலில் மொத்த இரத்தமே ஒரு தேநீர் டம்ளர் அளவு. இன்று பல குழந்தைகளிடம் ஆளுக்கு இரண்டு, மூன்று துளி எடுத்து, கணித மாதிரிகளால் சேர்த்து, மருந்து உடலில் போகும் பாதையைக் கண்டுபிடிக்க முடிகிறது. மரபணுச் சோதனையும் தொட்டில்வரை வந்துவிட்டது. சுமார் 500-இல் ஒருவருக்கு இருக்கும் ஒரு மைட்டோகாண்ட்ரியா மாற்றத்தால், சரியான அளவு ஜென்டாமைசினே காதைச் செவிடாக்கிவிடும். அதை 26 நிமிடத்தில் கண்டுபிடிக்கும் சோதனையை இங்கிலாந்தின் மான்செஸ்டரிலும் லிவர்பூலிலும் 751 பச்சிளங்குழந்தைகளிடம் செய்தார்கள். மூன்று குழந்தைகளுக்கு அந்த மாற்றம் இருந்தது. அந்த மூவருக்கும் வேறு மருந்து தரப்பட்டது. 2022-இல் வெளியான முடிவு இது.

தமிழகத்துக்கு ஒரு வசதி உண்டு. 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்தை மொத்தமாகக் கொள்முதல் செய்கிறது. ஒரே இடத்தில் வாங்குபவர் கேட்டால் கம்பெனி தரும். குழந்தைக்கு ஏற்றபடி நீர்த்து நிரப்பிய அட்ரினலின் சிரிஞ்ச், அடர்த்தி குறைந்த சிறு வயல்கள், ஒரே சாயலில் இராத லேபிள்கள், மாநிலம் முழுவதும் ஒரே செறிவுப் பட்டியல். இவற்றை டெண்டர் விதிகளிலேயே எழுதிவிடலாம். தஞ்சாவூரிலிருந்து சென்னைக்கு மாற்றப்படும் குழந்தையின் பம்பில் ஓடும் மருந்தை வழியில் யாரும் மறுபடி கணக்குப் போட வேண்டியிராது.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் குழந்தையின் எடையை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது பார்த்துத் தடுப்பூசி அட்டையில் தேதியோடு எழுதிவையுங்கள். பாராசிட்டமால் டிராப்ஸில் 1 மி.லி.க்கு 100 மி.கி.; சிரப்பில் 5 மி.லி.க்கு 125 அல்லது 250 மி.கி. சிரப்புக்குச் சொன்ன 5 மி.லி.யை டிராப்ஸிலிருந்து கொடுத்தால் இரண்டு முதல் நான்கு மடங்காகிவிடும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடும்போது, வீட்டில் கொடுத்த மருந்தின் பெயரைச் சொல்ல முயலாமல், பாட்டிலையும் அளவு மூடியையும் அந்த அட்டையையும் கையோடு எடுத்து வாருங்கள்.